கடலோர வீடு: முதலில் கீல், அப்புறம் நீலம்

கேள்வி: கடலுக்குப் பக்கத்தில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். நீலமும் வெள்ளையுமாக, நங்கூரப் படங்கள், கிளிஞ்சல்கள் எல்லாம் வைத்து மாற்ற ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நங்கூரம் கொஞ்சம் காத்திருக்கட்டும். ஜன்னலில் நிஜக் கடலே தெரியும்போது சுவரில் எதற்குப் படம்?

முதல் செலவு கீல், தாழ்ப்பாள், திருகாணிக்குத்தான். உப்புக் காற்றில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்கூடப் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். கூரையின் அடியில் காரை உப்பியிருந்தால் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கலாம். பொறியாளரிடம் காட்டிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

சரி, பிள்ளைகள். மணலும் ஈர உடையுமாகக் கூடத்துக்குள் ஓடி வரத்தான் செய்வார்கள். பின்வாசலில் ஒரு குழாய், நீளமான மரப் பெஞ்சு, துண்டு மாட்டக் கொக்கிகள் (அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில்!) வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. அங்கே தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். சோபாவுக்குக் கழற்றித் துவைக்கிற பருத்தி உறை. துவைக்க முடியுமென்றால் வெள்ளைக்கே பயப்பட வேண்டாம்.

எதிரெதிர் ஜன்னல்களை அலமாரி வைத்து அடைக்காதீர்கள், ஈரவாடை தங்கிவிடும். நீலம்? ஒரே ஒரு கதவுக்கு அடியுங்கள், போதும்.