கோவென்ட்ரியில் பழைய கார் வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்துக்குப் பஸ் சரியாக இல்லை. கையில் 3,000 பவுண்டு இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் மாதத் தவணையில் புதுக் கார் எடுக்கச் சொல்கிறார்கள். "பழைய கார் வாங்கினால் ரிப்பேர் பார்த்தே அழிந்துவிடுவோமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய காரே வாங்குங்கள். ஆனால் 3,000 பவுண்டையும் காரின் விலையிலேயே போட்டுவிடாதீர்கள். இரண்டாயிரத்துக்குள் காரை முடித்துக்கொண்டு மிச்சத்தை முதல் வருடப் பராமரிப்புக்குத் தனியாக எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸ் பணம் இந்தக் கணக்கில் சேராது, அது வேறு.

இந்த ஊரில் பழைய கார் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் கூலி. சாதாரண மெக்கானிக் கடையிலேயே மணிக்கு அறுபது, எண்பது பவுண்டு ஆகும், அதன் மேல் 20 சதவீதம் வாட் வரி. கிளட்ச் போய்விட்டால் எழுநூறு, எண்ணூறு என்று பில் வரும். காரே ஆயிரம் பவுண்டுக்குத்தான் போகும் என்றால், அதற்கு மேல் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று இன்ஜின் நன்றாக இருக்கும் வண்டியைக்கூடத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. ரிப்பேர் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடக் கூடாது, மாதத் தவணையோடு ஒப்பிட வேண்டும். மாதம் 250 பவுண்டு தவணை என்றால் வருடத்துக்கு 3,000. நல்லபடியாக வைத்திருக்கும் ஒரு பழைய சின்னக் கார் வருடத்துக்கு அவ்வளவு கேட்பது அபூர்வம். அப்படிக் கேட்கிற வருடம் வந்தாலும் அடுத்த வருடம் கேட்காது.

காரைத் தேர்ந்தெடுப்பதில் இந்த நாடு உங்களுக்கு ஒரு பெரிய வசதி செய்து கொடுத்திருக்கிறது. மூன்று வயதைத் தாண்டிய ஒவ்வொரு காரும் வருடம் ஒருமுறை எம்.ஓ.டி. சோதனையில் தேற வேண்டும். நம் ஊர் எஃப்.சி. மாதிரிதான், ஆனால் வருடா வருடம். கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டு. அந்தச் சோதனைகளின் வரலாறு முழுவதையும் அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். விற்பவர் பேச்சைக் கேட்பதற்கு முன் அதைப் படியுங்கள். முதலில் மைலேஜ் வருடா வருடம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடத்தில் 92,000 என்றிருந்தது அடுத்த வருடம் 61,000 ஆகியிருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கலாம். அப்புறம் "அட்வைசரி" என்ற பகுதி. சோதனையில் தேறினாலும் கவனிக்க வேண்டியவை என்று எழுதித் தருவது அது. "பின்பக்க பிரேக் பைப்பில் துரு" என்ற ஒரே வரி மூன்று வருடமாகத் தொடர்ந்து வந்தால், அந்த உரிமையாளர் எதையும் சரிசெய்யாமல் ஓட்டிக்கொண்டே இருந்தவர் என்று அர்த்தம். போன வருடம் சொன்ன குறை இந்த வருடம் காணாமல் போயிருந்தால் அது பார்த்துக்கொள்ளும் கை. பிராண்டு பெயரைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

துரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குளிர்காலத்தில் பனிக்காக ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். அது அடிப்பக்கம் முழுவதும் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்னும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தாலோ, புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருந்தாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள். இன்ஜினில் எதையும் கழற்றி மாட்டலாம். இத்துப்போன உடம்புக்கு வெல்டிங் வைக்க ஆரம்பித்தால் அது முடிகிற வேலை இல்லை.

சாலை வரியையும் முன்கூட்டியே பாருங்கள். 2001 மார்ச்சிலிருந்து 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்கு வரி அதன் கார்பன் புகை அளவை வைத்துத்தான். பெரிய ஆடம்பர ஜீப் ஒன்று 2,000 பவுண்டுக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். 2006க்குப் பிறகு வந்த அந்த மாதிரி வண்டிகளில் சிலவற்றுக்கு வருட வரியே 700 பவுண்டைத் தாண்டும். இன்னொன்று, கார் கை மாறும்போது பழைய ஆள் கட்டிய வரி உங்களுக்கு வராது. உங்கள் பெயரில் புதிதாகக் கட்டிய பிறகுதான் ரோட்டில் எடுக்க வேண்டும். டீசலும் வேண்டாம். பர்மிங்காம் நடு நகருக்குள் நுழைந்தால் பழைய கார்களுக்கு நாளுக்கு 8 பவுண்டு புகைக் கட்டணம், லண்டனில் 12.50. பெட்ரோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் இருந்தால் இரண்டிலும் அந்தக் கட்டணம் இல்லை. 2006க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இருக்கும். டீசலுக்கு யூரோ 6 கேட்கிறார்கள், உங்கள் பட்ஜெட்டில் அது கிடைப்பது கஷ்டம்.

இன்ஷூரன்ஸ்தான் உங்களை நிஜமாகவே அதிர வைக்கப்போகிறது. இந்திய லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம், ஆனால் அதை வைத்துக் கேட்டால் பிரீமியம் காரின் விலையையே தொடலாம். நம் லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள்; தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தேற வேண்டும். சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

எந்தக் கார் என்றால், எங்கள் வீட்டில் தினசரி ஓட்டத்துக்கு 2007ஆம் வருட ஹோண்டா ஜாஸ். டைமிங் செயின் வைத்த இன்ஜின், அதனால் குறிப்பிட்ட மைலுக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் பெரிய செலவு இல்லை. ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு ஸ்பார்க் பிளக் இருக்கும், மெக்கானிக் மேலே தெரியும் நாலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சீட்டின் உட்காரும் பலகையை மேலே தூக்கி நிறுத்திவிட்டால் ஒரு தொட்டிச் செடியையே நிற்க வைத்துக் கொண்டுவரலாம். டொயோட்டா யாரிஸும் நல்ல கார்தான்.

செலவை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். வார இறுதிக்கு எங்களிடம் 1968ஆம் வருட மாரிஸ் மைனர் டிராவலர் ஒன்று இருக்கிறது. மைனர் 1948இல் வந்தது. பிறகு மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் கவுலியில் இதே நிறுவனம் செய்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் நம் ஊரில் அம்பாசிடராக 2014 வரை தயாரானது. அதனால் டிராவலரின் முன்பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் டாக்சி ஸ்டாண்டின் உறவுக்காரர் மாதிரி எனக்குத் தோன்றும். பின்பாதி உடம்பு ஆஷ் மரச் சட்டம். அது அலங்காரமில்லை, காரைத் தாங்குகிற பாகம். ஈரம் இறங்கி மரம் கறுத்தால் உடனே சுரண்டி உலர்த்தி வார்னிஷ் அடிக்க வேண்டும். முன்சக்கரத்தின் கீழ் இணைப்புக்கு கிரீஸ் கன்னால் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புதியது எட்டிப்பார்க்கும்வரை. விட்டுவிட்டால் அந்த இணைப்பு தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். பெட்ரோலும் எத்தனால் குறைவான இ5 தான் போடுகிறேன். 2021இலிருந்து சாதாரண பெட்ரோலாக வரும் இ10இல் எத்தனால் கூடுதல், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கு ஆகாது.

40 வயது தாண்டிய கார்களுக்குச் சாலை வரி கிடையாது, பெரிதாக மாற்றி அமைக்காதிருந்தால் எம்.ஓ.டி.யும் கட்டாயமில்லை. இருந்தும் வருடம் ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோகிறேன். என் கண்ணுக்குத் தப்பியதை இன்னொரு ஆள் பார்க்கட்டும். இந்த வேலைகளையெல்லாம் கற்றுக்கொண்டதால்தான் ஜாஸில் ஆயில், பில்டர், பிரேக் பேடு மூன்றையும் நானே மாற்றுகிறேன். கையில் கறை படிய ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு இன்ஜினைத் திருகி, சத்தம் சீராக வருவதைக் கேட்கும் சந்தோஷம் பெரியது. உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் ஆயில் மட்டமும் டயர் காற்றும் பார்க்கவாவது பழகுங்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒரு டயருக்கு மூன்று பெனால்டி பாயிண்ட் வரை லைசென்ஸில் போடுவார்கள்.

டீலரிடம் வாங்கினால் குறை தெரிந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் உண்டு, தனியாளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் முதல் காரை டீலரிடம் பார்ப்பது நல்லது, கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. மழை இல்லாத பகலில் போங்கள். நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். போகும் முன் வண்டி நம்பரை எனக்கு அனுப்புங்கள், எம்.ஓ.டி. வரலாற்றைச் சேர்ந்தே பார்த்துவிடலாம். சனிக்கிழமையாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.