செங்கோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய சத்திரத்தை ஊர்க் கலை மையமாக்க எங்கிருந்து தொடங்குவது?

கூரையிலிருந்து. மேடை, ஸ்பீக்கர் எல்லாம் அப்புறம். நம் பக்கத்துச் சாரல் மழைக்கு ஒரு ஓடு நகர்ந்திருந்தாலே போதும், உத்திரம் உளுத்துவிடும்.

சுவரில் சிமெண்ட் மட்டும் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்புப் பூத்து, தட்டினால் பொள்ளென்று ஒலித்து, பாளம் பாளமாக உதிரும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். அதுதான் பெரிய பாடு.

சரி, பத்திரம்? 1956 நவம்பர் 1-இல்தானே செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது! அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய தாள்கள் மலையாளத்தில் இருக்கலாம், திருவனந்தபுரத்திலும் விசாரியுங்கள்.

துணிச்சலுக்கு ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸைப் பாருங்கள். வாசனைப் பொருள் வியாபாரம் நடந்த வளாகம், 2012-இல் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு அரங்கானது.