ஊசி யார் கையில்?

வணக்கம்.

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சென்ற மாதம் எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். ஒரு பெண் வந்தார். படிப்பு, அனுபவம், பேச்சு எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வரி டாட்டூ. ‘தோற்றமும் நடத்தையும்’ என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டேன். குழுவில் இருந்த இன்னொருவர், என்னைவிட வயதில் மிக இளையவர், “சார், எதற்காகக் குறைத்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதித் தர முடியுமா?” என்று கேட்டார். என்னால் எழுத முடியவில்லை. ஆனாலும் செய்தது தவறு என்று மனம் ஒப்பவில்லை.

வீட்டிலும் இதே சண்டை. பத்தொன்பது வயது மகன் முன்கையில் டாட்டூ போட்டுக்கொள்ளப் போகிறானாம். “உனக்கு எவன் வேலை கொடுப்பான்?” என்று கத்திவிட்டேன். மாலுமிகளும் ரவுடிகளும் குத்திக்கொண்டதை இன்று டாக்டரும் வக்கீலும் குத்திக்கொள்கிறார்கள். ‘நான் தனி’ என்று காட்ட எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தால் அதில் தனித்தன்மை எங்கே? உடம்பை இப்படி நிரந்தரமாகக் கெடுத்துக்கொள்வது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?

ரா.

*

அன்புள்ள ரா.,

அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியாமல் போனதை மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். அந்த வரியை உங்கள் சார்பில் எழுதிப் பார்க்க நானும் முயன்றேன். ‘ஒழுங்கில்லாதவர்’ என்று எழுதலாமா? சான்றிதழ்களும் பேச்சும் அப்படிச் சொல்லவில்லை. ‘வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள்’ என்று எழுதலாம். ஆனால் அது அவர்கள் சுளிப்பைப் பற்றிய வரி, அந்தப் பெண்ணைப் பற்றியது அல்ல. கடைசியில் மிஞ்சுவது ‘எனக்கு என்னவோ போல் இருந்தது’ என்பதுதான். அந்த ‘என்னவோ’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதற்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்.

பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் நூலில், கிரேக்கத்துக்கு வடக்கே வாழ்ந்த திரேசியர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: அவர்களிடையே உடம்பில் பச்சை குத்தியிருப்பது உயர்குடிப் பிறப்பின் அடையாளம், குத்தாத தோல் தாழ்ந்த பிறப்பைக் காட்டும். கிரேக்கர்கள் இதை வேடிக்கையாகத்தான் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் ஊரில் பச்சை குத்தப்பட்டவர்கள் அடிமைகள், குறிப்பாகத் தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகள். அதே நூலில் இன்னொரு கதை. ஹிஸ்டியாயஸ் என்பவர் தொலைவில் இருக்கும் மருமகனுக்கு ரகசியச் செய்தி அனுப்ப வேண்டும். நம்பிக்கையான அடிமை ஒருவனின் தலையை மழித்து, மண்டையில் செய்தியைக் குத்தி, முடி வளரும்வரை காத்திருந்து அனுப்பி வைக்கிறார். அங்கே போய், “என் தலையை மழித்துப் பாருங்கள்” என்று அவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் இதை ரகசிய எழுத்தின் முன்னோடி என்று ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆளின் நினைப்புதான் வருகிறது. தன் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா?

ரோமர்கள் சுரங்க வேலைக்குத் தண்டிக்கப்பட்டவர்களின் முகத்தில் குத்தினார்கள். 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைத் தடுத்தார். முகம் தெய்வீக அழகின் சாயல் கொண்டது, அதைச் சிதைக்கலாகாது என்பது காரணம். கைகளிலும் கெண்டைக்காலிலும் குத்தலாம் என்று அந்த ஆணையே சொல்கிறது. ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டில் திருடர்களின் கையைச் சுற்றிப் பட்டைக் கோடுகள் குத்தினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வங்காளத்து ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தினார்கள். அந்த வழக்கம் 1849இல்தான் ஒழிந்தது. பிரிட்டிஷ் ராணுவம் ஓடிப்போன சிப்பாயின் உடம்பில் ‘டி’ என்ற எழுத்தைக் குத்தியது. வெவ்வேறு கண்டங்கள், வெவ்வேறு நூற்றாண்டுகள். குத்தப்பட்ட தோல் அடுத்தவனுக்குச் சொந்தமான தோல் என்பது மட்டும் மாறவில்லை.

உங்களுக்கு வந்த ‘என்னவோ’ இதன் மிச்சம் என்பது என் கணிப்பு. கழுத்தில் எழுத்தைப் பார்த்ததும் ‘இந்த ஆள் யாருக்கோ அடங்கியவர், எங்கோ மாட்டியவர்’ என்று உள்ளே ஒரு பழைய குமாஸ்தா குறித்துக்கொள்கிறான். எசமானனின் கண்தான் அது. இன்று அந்த எசமானன் இல்லை. அவன் பார்வை மட்டும் பரம்பரைச் சொத்து போல நம் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

‘மாலுமிகளும் ரவுடிகளும்’ என்கிறீர்கள். பாதி உண்மை. பின்னாளில் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் 1881இல் ஜப்பானுக்குப் போனபோது கையில் டிராகன் குத்திக்கொண்டு திரும்பினார். அவருடைய தந்தை அதற்கு முன்பே, 1862இல், எருசலேமில் ஒரு சிலுவையைக் குத்திக்கொண்டவர். இதில் ஒரு கூத்து இருக்கிறது. ஜப்பான் அரசு 1872இலேயே தன் குடிமக்கள் பச்சை குத்திக்கொள்வதைத் தடை செய்துவிட்டது. மேற்கத்தியர்கள் நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை. அந்த மேற்கத்தியர்களோ கப்பலை விட்டு இறங்கியதும் டாட்டூக் கலைஞர் எங்கே இருக்கிறார் என்று தேடினார்கள். தடை 1948இல்தான் நீங்கியது. அதற்குள் ஜப்பானிய டாட்டூ நிழலுலகின் அடையாளமாகப் பதிந்துவிட்டது. இன்றும் அங்கே பல பொதுக் குளியல் இல்லங்களில் டாட்டூ உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. 2013இல் ஹொக்கைடோவில் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் முகத்தில் இருந்தது மாவோரி மரபுக் குறி. குலம், வழி, மூதாதையர் என்று அவர் இன்னார் என்பதைத் தன் மக்களுக்குச் சொல்கிற ஒன்று. வாசலில் இருந்தவர்களுக்கு அது ‘டாட்டூ’, அவ்வளவே. விதி என்றால் விதி.

இதைவிடக் கூர்மையான ஒன்றைச் சொல்ல வேண்டும். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் முன்கையில் எண்களைக் குத்தினார்கள். வந்திறங்கியதும் விஷவாயுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த எண்கூடக் கிடையாது. வேலை வாங்குவதற்காக உயிரோடு வைக்கப்பட்டவர்களுக்கே எண். பிழைத்து வந்தவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க முழுக்கைச் சட்டை போட்டு அதை மறைத்தார்கள். சிலர் அறுவை செய்து நீக்கினார்கள். பிறகு, எழுபது வருடங்கள் ஆகும் தறுவாயில், அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் டாட்டூக் கடைக்குப் போய் தாத்தாவின், பாட்டியின் அதே எண்ணைத் தங்கள் கையில் குத்திக்கொண்டார்கள். அதைக் கண்டு அழுத தாத்தாக்கள் உண்டு. கோபப்பட்டவர்களும் உண்டு, ‘இதை மறக்கத்தானே பாடுபட்டோம்’ என்று. இரண்டையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதே எண், அதே இடம், ஏறக்குறைய அதே மை. ஊசி யார் சொல்லி இறங்கியது என்பது மட்டும் வேறு. ரா., டாட்டூவைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே கேள்வி இதுதான். மற்றதெல்லாம் ரசனை.

அந்தக் கேள்வியை உங்கள் தேர்வறைக்குக் கொண்டுபோனால், அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்த வரியை அவரே தேர்ந்தெடுத்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருந்தது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் அதை வாசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். எழுத்து இருந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. ஏதோ ஒரு இனத்தைக் கேவலப்படுத்தும் வாசகமோ, நாஜிச் சின்னமோ இருந்திருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். அப்போது உங்கள் சகாவுக்கு ஒரே வரியில் காரணமும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், கஷ்டப்பட்டிருக்க மாட்டீர்கள்.

கட்டுப்பாட்டில் உங்கள் நிறுவனம் எந்த ராணுவத்தையும் மிஞ்சாது என்று நம்புகிறேன். அமெரிக்கத் தரைப்படை 2022இல் தன் விதியைத் தளர்த்தியது. ஒவ்வொரு கையிலும் சிறியதாக ஒன்று, காதின் பின்னால் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று என்று அனுமதித்திருக்கிறார்கள், அளவையும் அங்குலத்தில் சொல்லி. சேரத் தகுதியுள்ள இளைஞர்களில் அத்தனை பேரிடம் டாட்டூ இருக்கும்போது வேறு வழி ஏது? பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில் அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதம் பேருக்கு டாட்டூ இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், 27க்கு 38. முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர். நீங்கள் நினைப்பது போல இது பிள்ளைகளின் சமாசாரம் மட்டுமல்ல.

‘நான் தனி’ என்ற உங்கள் கிண்டலுக்கும் அந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஏன் குத்திக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு 69 சதவீதம் பேர் சொன்ன காரணங்களில் ஒன்று, யாரையோ எதையோ நினைவில் வைத்துக்கொள்ள அல்லது கௌரவிக்க என்பது. இறந்த அம்மா, பிறந்த குழந்தை, வளர்த்த நாய். தனித்துத் தெரிய வேண்டும் என்பதைவிட யாரோடோ சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசைதான் அதிகம் தெரிகிறது.

அழகைப் பற்றிக் கேட்டால், கண்ணில் படும் டாட்டூக்களில் முக்கால்வாசி எனக்குப் பிடிப்பதில்லை. இறகு ஒன்று உதிர்ந்து பறவைகளாக மாறும், படுத்துக்கிடக்கும் எட்டு, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தத்துவம். எல்லாம் கைபேசியில் காட்டிப் பிரதி எடுத்தவை. ஆனால் இது இன்று வந்த நோய் அல்ல. எடிசனின் மின்பேனாவைத் தழுவி சாமுவேல் ஓ'ரெய்லி நியூயார்க்கில் மின்சார டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1891இல். வேலை வேகமானது. கடைச் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்களில் ஒன்றைக் கைகாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நங்கூரம், இதயம், சிட்டுக்குருவி. உங்கள் மாலுமிகளும் ஒரே படத்தைத்தான் குத்திக்கொண்டு அலைந்தார்கள். ரசனைக் குறைவுக்கு மதிப்பெண் குறைப்பதென்றால் கழுத்துப்பட்டைகளில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

‘உடம்பைக் கெடுத்துக்கொள்வது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது தினமும் அதே இடத்தில் கதிர் விழ வேண்டும் என்று தோலில் சின்னப் புள்ளிகளைப் பச்சை குத்தி வைக்கும் மருத்துவமனைகள் உண்டு. மார்பகத்தை அகற்றிய பெண்களுக்கு, மறுசீரமைத்த மார்பில் முலைக்காம்பை நிழலும் ஒளியுமாக வரைந்து குத்தித் தரும் கலைஞர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் அசல் என்றே தோன்றும். புருவத்தை நிரந்தரமாகத் தீட்டிக்கொள்வதும் தோலுக்குள் மை ஏற்றுவதுதான். அப்படித் தீட்டியவர் யாராவது வேலை கேட்டு வந்தால் நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

மகன் விஷயத்தில் உங்கள் கவலை நியாயம், மிரட்டல்தான் தவறானது. வேலை கிடைக்காது என்று சொன்னீர்கள். அவன் அலுவலகங்களுக்குப் போகும் காலத்தில், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவர் கையிலேயே ஒன்று இருக்கும். பொய்யாகிப்போகும் மிரட்டலுக்குப் பதில் உண்மையான தகவலைக் கொடுங்கள்.

ஊசி மையைத் தோலின் இரண்டாம் அடுக்கில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உடம்பு அதை வந்தேறியாகத்தான் பார்க்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்தச் செல் செத்தால் துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். டாட்டூ நிலைப்பது இப்படித்தான், முடியாத ஒரு சண்டையால். கொஞ்சம் மை நிணநீர்க் கணுக்களுக்கும் போய்த் தங்கும். அதனால் மையில் என்ன கலந்திருக்கிறது என்பது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் அசுத்தமான ஊசி வழியாகப் பரவும். நியூயார்க் நகரம் 1961இலிருந்து 1997வரை டாட்டூவைத் தடை செய்திருந்தது ஹெபடைடிஸைச் சொல்லித்தான். தென் கொரியாவில் 1992 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முதல் மருத்துவர் மட்டுமே சட்டப்படி குத்தலாம் என்று இருந்தது. ஆயிரக்கணக்கான கலைஞர்கள் ஒளிந்து தொழில் செய்தார்கள். 2025 செப்டம்பரில்தான் உரிமம் பெற்று மற்றவர்களும் செய்யலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஒளித்து வைத்த தொழிலில் யார் ஊசியைச் சோதிப்பது? வீட்டில் தடை போட்டாலும் இதே கதைதான். நண்பனின் அறையில், யாரோ ஒருவன் கையால் முடிந்துவிடும்.

ஆகவே கூடவே போங்கள். உறையைக் கண் முன்னால் பிரித்துப் புது ஊசி போடுகிறாரா, கையுறை மாற்றுகிறாரா, மையைத் தனிச் சிறு கிண்ணத்தில் ஊற்றுகிறாரா என்று பாருங்கள். படத்தை முடிவு செய்த பிறகு ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். காதலியின் பெயர் என்றால் இன்னும் கொஞ்சம். அதே பியூ கணக்கில், டாட்டூ உள்ளவர்களில் 24 சதவீதம் பேர் ஒன்றையாவது நினைத்து வருந்துகிறார்கள். நீக்குவது லேசரால் நடக்கும். ஒளித்துடிப்பு மைத்துகளை உடைக்கும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்தும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். குத்தியபோது இருந்ததைவிட வலியும் செலவும் அதிகம். கறுப்பு மை ஓரளவு சொன்னபடி கேட்கும். பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது. எனவே, வண்ணத்தில் வேண்டும் என்று அடம்பிடித்தால், முதல் டாட்டூவைக் கறுப்பில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்.