மைன்கிராஃப்ட் கணினியில் லுவாவுக்குப் பதில் பைத்தான் ஓட்ட முடியுமா?

நேரடியாக முடியாது. மைன்கிராஃப்ட் ஆட்டத்துக்குள் கணினிகளைச் சேர்க்கும் மாட் (கூடுதல் நிரல்) கம்ப்யூட்டர்கிராஃப்ட். அது தரும் கணினிகளுக்குத் தெரிந்த நிரல் மொழி லுவாதான். ஆனால் சுற்றுவழி உண்டு. சேலத்தில் எங்க அக்கா பையனுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

பைத்தான் வெளியே, உங்கள் நிஜக் கணினியில், வெப்சாக்கெட் (இரு நிரல்கள் தொடர்ந்து பேசிக்கொள்ளும் இணைப்பு) சர்வராக ஓடட்டும். ஆட்டத்துக்குள் சில வரி லுவா போதும்: சர்வரோடு இணைந்து, வருகிற கட்டளையை இயக்கி, விடையைத் திருப்பி அனுப்பும். யோசிப்பது பைத்தான், கல் வெட்டுவது டர்டில், அதாவது அந்த மாட் தரும் ரோபோ.

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. கம்ப்யூட்டர்கிராஃப்டின் இப்போது புழங்கும் பதிப்பான சிசி ட்வீக்ட், லோக்கல் முகவரிகளை (உங்கள் கணினி, வீட்டு நெட்வொர்க் ஆகியவற்றுக்குள் இருப்பவை) இயல்பாகவே தடுத்துவிடும். அதன் சர்வர் அமைப்புக் கோப்பில், அந்தத் தடை விதிக்கு மேலே 127.0.0.1-ஐ (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) அனுமதிக்கும் விதியைச் சேருங்கள். கீழே போட்டால் பலிக்காது; முதலில் பொருந்தும் விதிதான் செல்லும். (அவனும் நானும் ஒரு ஞாயிறு முழுக்க இதில்தான் தொலைத்தோம்.)

இரண்டும் ஒரே கணினியில் ஓடுவதால், ஏற்காட்டு மழையில் நெட் போனாலும் டர்டில் தோண்டிக்கொண்டே இருக்கும்.