அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லவே இல்லையே?

கேள்வி: நானும் என் காதலியும் இரண்டு வருடமாகப் பழகுகிறோம். போன மாதம் நெருக்கமாக இருந்தபோது “களைப்பா இருக்கு” என்றாள். அப்புறம் எதுவும் பேசவில்லை. தடுக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. இப்போது “அன்னைக்கு எனக்கு இஷ்டமே இல்லை” என்கிறாள். வாய்விட்டுச் சொல்லாததை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவர் சொல்லியிருக்கிறார். “களைப்பா இருக்கு” என்றது மறுப்புதான். உங்களுக்கும் அது காதில் விழுந்திருக்கிறது. இல்லாவிட்டால் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள்.

வெளியே போகலாமா என்று ஒரு நண்பரைக் கூப்பிடுகிறீர்கள். “இன்னைக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, பார்க்கலாம்” என்று இழுக்கிறார். அவர் வரப்போவதில்லை என்று உங்களுக்கு உடனே புரிந்துவிடும். ‘முடியாது’ என்று அவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதில்லை. செலியா கிட்சிங்கர், ஹன்னா ஃபிரித் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். தயங்குவது, காரணம் சொல்வது, பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் மனிதர்கள் பெரும்பாலும் மறுக்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கும் அது புரிகிறது. மற்ற எல்லா இடத்திலும் புரிவது படுக்கையில் மட்டும் ஏன் புரியாமல் போக வேண்டும்?

அடுத்து, அவர் தடுக்கவில்லை என்கிறீர்கள். விருப்பமில்லாத தொடுதலின்போது சிலருக்கு உடலே உறைந்துவிடும். கத்த நினைத்தாலும் குரல் வராது, கை எழாது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவுக்கு இப்படி உறைந்துபோனதாகச் சொன்னார்கள். உங்கள் காதலிக்கு நேர்ந்தது அதுவா என்று அவர்தான் சொல்ல முடியும். ஆனால் அசையாமல் இருந்ததைச் சம்மதத்துக்குச் சாட்சியாக நீங்கள் காட்ட முடியாது. அதே ஸ்வீடனில் 2018 ஜூலை முதல் சட்டமும் மாறிவிட்டது. விருப்பத்தோடு பங்கேற்காத ஒருவருடன் உறவு கொண்டால் குற்றம். அடித்தார், மிரட்டினார் என்று நிரூபிக்கத் தேவையில்லை.

இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவருக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கிறது. அப்படியும் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். “அப்பவே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். “உனக்கு இஷ்டமில்லைன்னு நான் கவனிச்சிருக்கணும், தப்பு என்னோடதுதான்” என்று சொல்லுங்கள். மன்னித்துவிட்டேன் என்ற பதிலை அந்த இடத்திலேயே எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் குற்ற உணர்ச்சிக்கு அவரையே ஆறுதல் சொல்ல வைக்கவும் வேண்டாம். அதற்கு ஒரு மனநல ஆலோசகரிடம் போங்கள்.

உறவு தொடர்ந்தால், இனி நீங்கள்தான் கேட்க வேண்டும். “உனக்குச் சரியா?”, “நிறுத்திடலாமா?” என்று நடுவிலும் கேளுங்கள். தெளிவான சம்மதம் வரவில்லையா, அவர் முகம் மாறுகிறதா, நிறுத்திவிடுங்கள். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை பயந்து தலையாட்டுவார். அது சம்மதமே இல்லை.

தொடர விருப்பமில்லை என்று அவர் முடிவெடுத்தால், காரணம் கேட்டுத் துரத்தாமல் விலகிவிடுங்கள்.