பழைய சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த ஓட்டுப் புதைபடிவம் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை வைத்துப் பெயர் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நிறமும் அளவும் ஏமாற்றும். முதலில் பார்க்க வேண்டியது சமச்சீர்.

இரண்டு ஓடும் இணையும் கீல் பக்கத்துக் கூர்நுனி, அதாவது அலகு, மேலே வரும்படி பிடியுங்கள். அங்கிருந்து கீழ்விளிம்பின் நடுவுக்கு மனதில் ஒரு கோடு இழுங்கள். இடமும் வலமும் அச்சாக ஒத்துப்போனால் பெரும்பாலும் பிராக்கியோபாட், அதாவது சிப்பி போலத் தோன்றும், ஆனால் வேறு இனமான இரண்டு ஓட்டுக் கடல் உயிரி. அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இருவோட்டுச் சிப்பி. இரண்டு ஓடும் சேர்ந்தே கிடைத்திருந்தால் பக்கவாட்டில் பாருங்கள்: பிராக்கியோபாட்டில் ஒரு ஓடு பெரிது, அதன் அலகில், உயிரி தன்னை ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்திய காம்பு வெளிவந்த சிறு துளை தெரியலாம். சிப்பியில் இரண்டும் கண்ணாடி பிம்பம் போல இருக்கும். விசிறிச் சிப்பியும் ஆளியும் (oyster) இந்த விதிக்கு அடங்காதவை. விசிறிச் சிப்பியைக் கீலின் இருபுறமும் உள்ள 'காதுகள்' காட்டிக்கொடுக்கும். பாறை 25.2 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது என்றால் பிராக்கியோபாட் வாய்ப்பே அதிகம்.

சுருள் வடிவமா? உடைந்த இடத்தைப் பாருங்கள். குறுக்குத் தடுப்புகள் இருந்தால் கணவாயின் உறவான அம்மோனைட் அல்லது நாட்டிலஸ் இனம், இல்லையென்றால் பெரும்பாலும் நத்தை.

பலரும் தடுமாறுவது ஓடு கரைந்தபின் எஞ்சும் அச்சில்தான். பல சிப்பிகளின் ஓடு அரகோனைட் என்ற, எளிதில் கரையும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. அது கரைந்துபோய், உள்ளே நிறைந்த சேறு கல்லாகி எஞ்சும். அது வழவழப்பாக இருப்பதால் ஓடும் வரியற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாறை பிளந்த எதிர்த்துண்டைத் தவறாமல் எடுத்து வையுங்கள். வெளிப்புற வரிகள் அந்தக் குழியில்தான் பதிந்திருக்கும். அதில் மாடலிங் களிமண்ணை அழுத்தி எடுத்தால் ஓட்டின் வெளித்தோற்றம் அப்படியே கிடைக்கும்.

வினிகரில் மட்டும் ஊறவைக்காதீர்கள். ஓடும் பாறையும் கால்சைட்டாக (சுண்ணாம்புக் கனிமம்) இருந்தால் அமிலம் இரண்டையும் சேர்த்தே தின்னும், நுண்வரிகள்தான் முதலில் போகும். தண்ணீர், மென்மையான பல் துலக்கி, மரக்குச்சி போதும். ஓடு அமிலத்தில் கரையாத சிலிக்காவாக மாறியிருந்தால் மட்டும் அமிலம் உதவும்: உடைந்த ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் பாறை நுரைக்கும், ஓடு நுரைக்காது.

அடையாளம் கேட்கும்போது இரு ஓடுகள், பக்கவாட்டு, கீல், முன்விளிம்பு எல்லாவற்றையும் மில்லிமீட்டர் அளவுகோலோடு படமெடுங்கள். வெளிச்சம் சாய்வாக விழட்டும்; நேர் வெளிச்சத்தில் வரிகள் மறைந்துவிடும். எந்த இடம், எந்தப் பாறையடுக்கு என்பதும் வேண்டும். அது இல்லாமல் இனப்பெயரை உறுதியாகச் சொல்வது அரிது. பல பிராக்கியோபாட்களுக்கு உள்ளமைப்பையும் பார்த்தாக வேண்டும்.