வாசகர் கேள்வி பதில்: வைரத்தோடு எடுக்கும்போது எந்த நாட்டுக் கல்லுன்னு கேக்குறீங்களா?

கேள்வி: பொண்ணு கல்யாணத்துக்கு ஏழு கல் வைரத்தோடு எடுக்கப் போறோம். காலேஜ் படிக்கிற பையன் "அது ரத்த வைரமா இருந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு பிடிவாதமா நிக்கிறான். கடையில கேட்டா "எல்லாமே கிம்பர்லி சர்டிபிகேட் உள்ள கல்லுதான் மேடம்"ங்கிறாங்க. நம்பி எடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பையனைத் திட்டாதீங்கம்மா, அவன் கேக்குறது நியாயமான கேள்வி. கடைக்காரர் சொன்னதும் பொய் இல்ல, ஆனா அந்த சர்டிபிகேட் எதுக்குப் பொறுப்பு ஏத்துக்குது, எதுக்கு ஏத்துக்கலன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். 1990-கள்ல சியரா லியோன்ல ஆர்யுஎஃப்ங்கிற கிளர்ச்சிப் படை கோனோ பக்கம் வைரத்தைத் தோண்டி லைபீரியா வழியா வித்து ஆயுதம் வாங்குச்சு (இப்படி சண்டைக்குக் காசு குடுத்த கல்லுக்குத்தான் ரத்த வைரம்னு பேரு), ஊர் ஜனங்களோட கையை வெட்டுச்சு, சின்னப் பசங்க கையில துப்பாக்கியைக் குடுத்துச்சு. அங்கோலாவுல யூனிடாங்கிற கிளர்ச்சிப் படைக்கும் வைரக் காசுதான் தெம்பு. சியரா லியோன் கொடுமைக்கு உடந்தையா இருந்ததுக்கு லைபீரியாவோட முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-ல 50 வருஷ ஜெயில் தண்டனை விழுந்துச்சு. இந்தக் கொடுமையெல்லாம் வெளிய வந்த பிறகுதான் 2000-ல தென்னாப்பிரிக்காவுல கிம்பர்லி ஊர்ல கூடிப் பேசினாங்க, 2003 ஜனவரியிலருந்து பட்டை தீட்டாத கல்லு நாடு விட்டு நாடு போகணும்னா சீல் வெச்ச டப்பாவும் அரசாங்க சர்டிபிகேட்டும் கட்டாயம்னு ஆச்சு.

நல்ல ஏற்பாடுதான். ஆனா அது கேக்குறது ஒரே ஒரு கேள்வி, அரசாங்கத்தை எதிர்த்துப் போராடுற கிளர்ச்சிப் படைக்கு இந்தக் கல்லால காசு போச்சா இல்லையா. அரசாங்கமே சுட்டா? ஜிம்பாப்வேயில மராங்கேன்னு ஒரு வைர வயல், 2008 கடைசியில ராணுவம் அங்க புகுந்து, வயித்துப்பாட்டுக்குத் தோண்டிட்டு இருந்த ஜனங்களை ஹெலிகாப்டர்லருந்து கூட சுட்டு, 200 பேருக்கு மேல செத்தாங்கன்னு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு பதிவு பண்ணியிருக்கு. கொஞ்ச காலம் தடை போட்டாங்க, 2011 நவம்பர்ல திரும்ப ஏற்றுமதிக்கு அனுமதி, அதே கிம்பர்லி சர்டிபிகேட்டோட. இந்தத் திட்டம் வரணும்னு முன்னால நின்னு பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே அடுத்த மாசம் இதுலருந்து விலகிடுச்சு. விதியை மாத்தணும்னா எல்லா நாடும் ஒத்துக்கணும், ஒரு நாடு தலையாட்டலன்னாலும் நின்னுடும். 2019-ல இந்தியா தலைமை ஏத்திருந்தப்பவும் மாத்த முடியல, அதுல எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா உலகத்துல பட்டை தீட்டுற வைரத்துல பத்துல ஒன்பது நம்ம சூரத் வழியாத்தான் போகுது, நம்ம பேச்சுக்கு மதிப்பு இருந்திருக்கும்.

இன்னொண்ணு, சூரத்துக்கு வந்து பல நாட்டுக் கல்லு கலந்து தரம் பிரிச்சு பட்டை தீட்டின பிறகு, உங்க தோட்டுல உக்காந்திருக்கிற கல்லுக்குன்னு தனி கிம்பர்லி பேப்பர் எதுவும் கிடையாது. லேப் சர்டிபிகேட்டுல நிறம், சுத்தம், கட்டிங், காரட் இருக்கும், எந்த சுரங்கம்னு சாதாரணமா இருக்காது. நாம வைரத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து தோஷம் இருக்கா, நமக்கு ஆகுமான்னு வெச்சுப் பாத்துட்டுத்தானே காசு குடுக்குறோம், அந்த அக்கறையில பாதியை கல்லு எங்கருந்து வந்துச்சுங்கிறதுக்கும் குடுங்கன்னுதான் நான் கேக்குறேன். எந்த நாட்டுக் கல்லு, பில்லுல எழுதித் தருவீங்களான்னு கடையில கேளுங்க. முதல்ல முழிப்பாங்க. எழுதித் தர்ற கடையில எடுங்க.

கேள்வி: ரஷ்ய வைரத்துக்குத் தடைன்னு படிச்சேன், அது நம்மளைக் கட்டுப்படுத்துமா?
- வாசகர், ஈரோடு

பதில்: இல்ல. அது அமெரிக்கா, ஜப்பான் மாதிரி பணக்கார நாடுங்க சேர்ந்த ஜி7 கூட்டம் 2024-லருந்து தங்களோட இறக்குமதிக்குப் போட்ட தடை. அதுவும் வேற நாட்டுல பட்டை தீட்டி வர்ற கல்லுன்னா அரை காரட்டும் அதுக்கு மேலயும்தான் கணக்கு, நம்ம தோட்டுக் கல்லு பெரும்பாலும் அதைவிடச் சின்னது. அதனாலதான் திரும்பவும் சொல்றேன், கேட்டு வாங்குங்க.

கேள்வி: இவ்வளவு பாவம் எதுக்கு, எல்லாரும் வைரம் வாங்குறதையே நிறுத்திட்டா என்ன?
- வாசகர், சேலம்

பதில்: கோபம் புரியுது, ஆனா போட்ஸ்வானாவை நினைச்சுப் பாருங்க. 1966-ல சுதந்திரம் வாங்கினப்ப உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுகள்ல ஒண்ணு, அடுத்த வருஷம் ஒராபாவுல வைரம் கிடைச்சுது, பின்னாடி டிபியர்ஸ்ங்கிற பெரிய வைரக் கம்பெனியோட பாதிப் பாதி பங்குன்னு கம்பெனி நடத்தி அந்த வருமானத்துல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடுன்னு போட்டாங்க. சியரா லியோன்லயும் 2017-ல ஒரு பாஸ்டர் தனக்குக் கிடைச்ச 709 காரட் கல்லை ஒளிச்சு விக்காம அரசாங்கத்துக்கிட்ட குடுத்தாரு, நியூயார்க்ல 65 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு, ஊருக்குத் தண்ணி, பள்ளிக்கூடம்னு செலவு பண்ணத்தான் அவர் அப்படிக் குடுத்தது. நாம மொத்தமா ஒதுங்கிட்டா முதல்ல அடி வாங்குறது இடுப்பளவு சேத்துத் தண்ணியில சல்லடையோட நிக்கிறவன், சூரத்துல பட்டைச் சக்கரத்துக்கு முன்னால பீஸ் ரேட்டுக்கு உக்காந்திருக்கிறவன். 2024-ல வியாபாரம் படுத்து சூரத்துல தொழிலாளிங்க தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, தொழிற்சங்கம் அதுக்குன்னே ஹெல்ப்லைன் ஆரம்பிக்க வேண்டி வந்துச்சு. நல்லா நடத்துறவங்ககிட்ட காசு போகணும், அதுதான் வேணும்.

கேள்வி: லேப்ல வளத்த வைரம் எடுத்தா மனசாட்சிக்கு நிம்மதியா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அதுவும் அசல் வைரம்தான், சுரங்கச் சண்டை அதுல இல்ல. ஆனா கரண்ட் எக்கச்சக்கமா இழுக்கும், நிலக்கரி கரண்ட்ல வளத்ததா சோலார்லயான்னு கேளுங்க. திரும்ப விக்கலாம்னு எண்ணி மட்டும் எடுக்காதீங்க.

கேள்வி: எங்க பாட்டியோட ப்ளூ ஜாகர் தோடு லாக்கர்ல இருக்கு. பழைய கல்லுங்கிறதால இந்தப் பிரச்சனை எதுவும் இல்லதானே?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: ப்ளூ ஜாகர்னு நம்ம ஊர்ல சொல்ற அந்த வைரத்தோட பேரே தென்னாப்பிரிக்காவோட ஜாகர்ஸ்ஃபான்டீன் சுரங்கத்துலருந்து வந்தது. அந்தக் காலத்துல அந்த நாட்டு வைரச் சுரங்கங்கள்ல கறுப்பினத் தொழிலாளிகளை ஒப்பந்தம் முடியுற வரை வேலி போட்ட கொட்டடியில அடைச்சு, வெளிய விடும்போது உடம்பெல்லாம் சோதனை போட்டாங்க, அதனால பழசுன்னா சுத்தம்னு சொல்ல எனக்கு வாய் வரல. சுரங்கத்தை 1971-லயே மூடியாச்சு, ஆனா குவிச்சு வெச்ச கழிவைத் திரும்பச் சலிச்சு வைரம் எடுத்தாங்க, 2022 செப்டம்பர்ல அந்தக் கழிவு அணை உடைஞ்சு சேறு வீடுகளுக்குள்ள புகுந்து உயிர்ச்சேதமும் ஆச்சு. பாட்டி மேல இதுல எந்தத் தப்பும் இல்லம்மா. லாக்கர்லயே கிடக்க விடாதீங்க, புதுசா ஒரு கல்லு தோண்டாம உங்க வீட்டு அடுத்த கல்யாணத்துக்கு அதையே மாத்திக் கட்டிக்கலாம். ஆசாரிகிட்ட குடுக்குறப்ப மட்டும் கல்லை எண்ணி, எடை போட்டு, சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க.